உயரமானவருக்கு ஒரு க்ரூஸர்: சீட்டு தாழ்ந்து வந்த கதை

பதிவு கொஞ்சம் நீளம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்துகொண்டு படியுங்கள்.

போன ஞாயிறு ஒரு பழைய மாணவன் தொலைபேசியில் அழைத்தான். இப்போது ஓசூரில் வேலை. "சார், ஒரு க்ரூஸர் பைக் வாங்கப் போறேன். ரெண்டு வருஷமா சேர்த்த காசு. வர்ற வாரம் அட்வான்ஸ் கட்டறேன். நான் ஆறடி மூணு அங்குலம். உயரமான ஆளுக்கு க்ரூஸர்தானே சார் சரி?" என்றான். "கட்டாதே, ஒரு வாரம் பொறு" என்றேன். ஏன் என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் நூறு வருட வரலாறு வரும். போனில் முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீடுகளிலும் இப்போது பிள்ளைகள் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படலாம்.

"க்ரூஸர் என்றால் பெரிய வண்டி, பெரிய வண்டி பெரிய ஆளுக்கு" என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. படத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் வரலாற்றைப் பார்த்தால் அந்த வண்டியின் சீட்டு வருடத்துக்கு வருடம் கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அது உயரமானவர்களின் வசதிக்காக இறங்கவில்லை.

முதலில் பிறந்த இடம். இந்தியன் நிறுவனம் 1901இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கியது. ஹார்லி டேவிட்சன் 1903இல் மில்வாக்கி நகரில். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஊருக்கும் ஊருக்கும் தூரம் அதிகம், சாலையோ பெரும்பாலும் மண்சாலை. ஐரோப்பாவில் குறுகிய, வளைந்த சாலைகளில் ஓட்ட இலேசான வண்டி போதும். அமெரிக்காவில் நாள் முழுக்க உட்கார்ந்து போக வேண்டும். அதனால் வண்டி நீளமானது, கனமானது, மெதுவாகச் சுழலும் பெரிய வி-ட்வின் இன்ஜின் வந்தது. குண்டும் குழியுமான மண்ணில் பிடி விடாமல் இருக்க அகலமான ஹேண்டில்பார் வந்தது.

கால் வைக்க நீளமான ஃபுட்போர்டு வந்தது. இதைக் கவனியுங்கள். அந்த நாள் ஹார்லியில் கிளட்ச் காலில், கியர் கையில். காலால் அழுத்தும் கியரும் கையால் பிடிக்கும் கிளட்சும் பெரிய ஹார்லியில் 1952இல்தான் வந்தன. பாதம் முழுவதும் ஊன்றி கிளட்சை இயக்க ஒரு பலகை தேவைப்பட்டது. உயரமானவனுக்கு அது தற்செயலாகக் கிடைத்த வரம். பலகையின் மேல் காலை முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம், குதிகாலை மாற்றி ஊன்றலாம். முழங்கால் ஒரே கோணத்தில் உறைந்துபோகாது.

சீட்டும் அப்போது இவ்வளவு தாழ்வு இல்லை. பின் சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பரே கிடையாது. அதற்குப் பதிலாக சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங் வைத்த தண்டு. பெரிய ஹார்லியில் பின்பக்க ஷாக் அப்சார்பர் 1958இல் டியோ-கிளைட் என்ற மாடலில்தான் வந்தது. அதுவரை குழியில் இறங்கினால் சக்கரமும் சட்டமும் குதிக்கும், சீட்டு மட்டும் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்துக்கு இடம் வேண்டும் என்பதால் சீட்டு சட்டத்தை விட்டு எழும்பியே இருந்தது. ஆக, பழைய அமெரிக்க வண்டியில் உயரமானவன் ஓரளவு நிம்மதியாகவே உட்கார்ந்தான்.

பிறகு இரண்டாம் உலகப் போர் முடிந்தது. வீடு திரும்பிய வீரர்கள் பலர் மோட்டார் சைக்கிளில் எடை குறைக்கத் தொடங்கினார்கள். மட்கார்டை வெட்டினார்கள், தேவையற்றதைக் கழற்றி எறிந்தார்கள். அதற்கு பாபர் என்று பெயர். வேகத்துக்காகத் தொடங்கியது, பின்னாளில் அழகுக்காக என்று மாறியது. 1960களில் சாப்பர் வந்தது. ஸ்பிரிங் தண்டைக் கழற்றிவிட்டு சீட்டை நேரே சட்டத்தின் மேல் பொருத்தினார்கள். முன் ஃபோர்க்கை நீட்டினார்கள். கால் வைக்கும் இடத்தை இன்ஜினுக்கு முன்னால் கொண்டுபோனார்கள். 1956இல் சட்டமாகி, 41,000 மைல் என்று திட்டமிடப்பட்ட இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகள் அப்போது வளர்ந்துகொண்டிருந்தன. வளைவில்லாத அகலச் சாலையில் காலை நீட்டி ஓட்டும் ஆசைக்குச் சாலையே அழைப்பு விடுத்தது.

1969இல் 'ஈஸி ரைடர்' படம் வந்தது. பீட்டர் ஃபோண்டா ஓட்டிய 'கேப்டன் அமெரிக்கா' வண்டியை உலகமே பார்த்தது. அதை உருவாக்கிய பென் ஹார்டி, கிளிஃப் வாக்ஸ் என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்களின் பெயர் பல வருடங்கள் வெளியே தெரியவில்லை. வரலாற்றில் அதுவும் நடக்கும்.

சாப்பரில் ஒரு கணக்கு இருந்தது. சீட்டு தாழ்ந்தது, ஆனால் கால் முன்னே நீண்டது. ஒன்றில் போனது மற்றொன்றில் வந்தது. உயரமானவன் காலை நீட்டி உட்காரலாம். அடுத்து வந்தவர்கள் இந்தக் கணக்கின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஹார்லியின் நிறுவனர்களில் ஒருவரின் பேரன் வில்லி ஜி. டேவிட்சன். தெருவில் இளைஞர்கள் வெட்டி ஒட்டுவதை நிறுவனமே செய்தால் என்ன என்று நினைத்தார். பெரிய வண்டியின் சட்டத்தில் சின்ன வண்டியான ஸ்போர்ட்ஸ்டரின் முன்பகுதியைப் பொருத்தி 1971இல் சூப்பர் கிளைட் வந்தது. 1977இல் லோ ரைடர். பெயரிலேயே 'தாழ்வு' இருக்கிறது. சீட்டு உயரம் சுமார் 27 அங்குலம். அதுவரை வாங்குபவர் இன்ஜினையும் வேகத்தையும் கேட்டார். இப்போது சீட்டு எவ்வளவு தாழ்வு என்பதும் ஒரு பெருமையாகிவிட்டது. 1984இல் வந்த சாஃப்டெயிலில் ஷாக் அப்சார்பரை வண்டிக்கு அடியில் ஒளித்து, பழைய ஸ்பிரிங் இல்லாத சட்டம் போலவே தோன்றச் செய்தார்கள். தோற்றம் 1940களுடையது, சீட்டு தாழ்ந்தே நின்றது.

இதே காலத்தில் ஜப்பான் இறங்கியது. யமஹா விராகோ 1981, ஹோண்டா ஷேடோ 1983. விலை குறைவு, எண்ணெய் ஒழுகாது. ஹார்லி தத்தளித்தது. 1983இல் அமெரிக்க அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கு வரியை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதமாக உயர்த்தியது. ஜப்பானியர்கள் சளைக்கவில்லை. 700க்குக் கீழே 699 சிசி வண்டி செய்து அனுப்பினார்கள்! பொருளாதாரப் பாடத்தில் வரி பற்றி நான் சொல்லும்போது இந்த உதாரணம் என் கையில் இல்லாமல் போனதே என்று இப்போது வருந்துகிறேன்.

இந்தப் போட்டியில் க்ரூஸர் எல்லோருக்குமான வண்டியானது. புதிதாக ஓட்டப் பழகுபவர், உயரம் குறைந்தவர், பெண்கள் என எல்லோருக்கும் இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும். தாழ்ந்த சீட்டு அதற்கு உதவியது. நல்ல விஷயம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடுத்தர உயரத்துக்கு வெட்டிய சட்டையை ஆறடி மூன்று அங்குலத்துக்காரன் போட்டால் எப்படி இருக்கும்? தோள்பட்டை பொருந்தினாலும் கை முழங்கையில் நிற்கும்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. புல்லட் க்ரூஸர் அல்ல, நிமிர்ந்து உட்காரும் ஆங்கிலேய வண்டி. இராணுவத்திலும் காவல்துறையிலும் உயரமான ஆட்கள் அதில் உட்கார்ந்து பார்த்ததால் நம் மனதில் 'பெரிய ஆளுக்குப் பெரிய வண்டி' என்ற படம் பதிந்தது. அந்தப் படம் முழுப் பொய்யில்லை. இன்றைய புல்லட் 350இன் சீட்டு உயரம் 805 மி.மீ. அதே நிறுவனத்தின் க்ரூஸரான மீட்டியார் 350க்கு 765 மி.மீ. இன்னும் பெரிய, 241 கிலோ எடையுள்ள சூப்பர் மீட்டியார் 650க்கு 740 மி.மீ. பார்த்தீர்களா? வண்டி பெரிதாகப் பெரிதாக சீட்டு தாழ்கிறது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானும் ஆறடி இரண்டு அங்குலம் என்பது உங்களுக்குத் தெரியும். கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதி உங்களைக் கழுத்து வலிக்க வைத்தவன். 1994இல் ஒரு பழைய வண்டி வாங்கினேன். அமெரிக்கப் பட மோகம். உள்ளூர் மெக்கானிக்கிடம் சீட்டைத் தாழ்த்தச் சொன்னேன், பின்னோக்கி வளைந்த நீள ஹேண்டில்பார் போடச் சொன்னேன். "சார், உங்க காலுக்கு இது இடிக்கும்" என்று அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. கால் வைக்கும் இடத்தை மட்டும் மாற்றவில்லை. மேலே சொன்ன அதே பாதிக் கணக்கு.

ஒரு மாலை கோயில் தெருவில் வண்டியைத் திருப்பினேன். பின்னால் மனைவி. முழுவதும் ஒடித்தபோது ஹேண்டில்பாரின் முனை என் முழங்காலில் முட்டி நின்றுவிட்டது. மேலே திருப்ப முடியவில்லை, காலை எடுத்து ஊன்றவும் முடியவில்லை. வேகம் நடைவேகம்தான். அப்படியே சரிந்தோம். எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. முப்பது வருடம் ஆகிறது, இன்னும் மாவு பிசைய அந்தக் கை ஒத்துழைப்பதில்லை. அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஏன் இடித்தது என்பதைக் கணக்காகப் பார்ப்போம். பிதாகரஸ் போதும்.

ஐந்தடி ஆறு அங்குலம் உள்ளவருக்கு இடுப்பு மூட்டிலிருந்து முழங்கால் வரை ஏறத்தாழ 41 செ.மீ., முழங்காலிலிருந்து கணுக்கால் வரையும் ஏறத்தாழ அவ்வளவே. இடுப்புக்கும் கணுக்காலுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் 58 செ.மீ. இருக்கும் வண்டியில் அவர் உட்கார்ந்தால் முழங்கால் கிட்டத்தட்ட 90 பாகையில் மடங்கும். நாற்காலியில் உட்கார்வது போல. அதே வண்டியில் ஆறடி மூன்று அங்குலம் உள்ளவர் உட்காரட்டும். அவருக்கு ஒவ்வொரு பகுதியும் சுமார் 46.5 செ.மீ. அதே 58 செ.மீ. தூரத்தில் அவர் முழங்கால் 77 பாகைக்கு மடங்கும். அதிகம் மடங்கும் முழங்கால் எங்கே போகும்? மேலே ஏறும், அல்லது வெளியே விரியும். இரண்டு இடத்திலும் ஹேண்டில்பார் காத்திருக்கிறது.

அவருக்கும் 90 பாகை வேண்டுமென்றால் அந்தத் தூரம் சுமார் 66 செ.மீ. ஆக வேண்டும். எட்டு செ.மீ., அதாவது மூன்று அங்குலம் கூடுதல். சீட்டை உயர்த்தியோ, ஃபுட்ரெஸ்டை முன்னே தள்ளியோ, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தோ அதைப் பெறலாம்.

இப்போது ஒரு உண்மை புரியும். விளம்பரத் தாளில் போடும் 'சீட்டு உயரம்' என்பது தரையிலிருந்து சீட்டு வரை உள்ள அளவு. அது வண்டி நிற்கும்போது பாதம் தரையைத் தொடுமா என்பதைச் சொல்லும். உயரம் குறைந்தவருக்குத் தேவையான எண் அது. உயரமானவருக்குத் தேவை சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் இடையே உள்ள தூரம். அதை விளம்பரத் தாளில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கையில் டேப் எடுத்துப் போய் நாமேதான் அளக்க வேண்டும்.

இன்னொன்று. கால் முன்னே நீண்டுவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்காதீர்கள். கால் உடம்புக்குக் கீழே இருந்தால் வேகத்தடையில் பாதத்தை ஊன்றி உடம்பைச் சற்றே தூக்கிக்கொள்ளலாம். முன்னே நீட்டியிருந்தால் தூக்க முடியாது. அதிர்ச்சி முழுவதும் வால் எலும்புக்குப் போகும். தாழ்ந்த வண்டியில் ஷாக் அப்சார்பர் அமுங்கவும் இடம் குறைவு. சூப்பர் மீட்டியாரில் பின்பக்கம் 101 மி.மீ. மட்டுமே. வளைவில்லாத அமெரிக்க நெடுஞ்சாலைக்குப் பிறந்த உட்காரும் முறை இது. நம் ஊர் வேகத்தடைகளுக்கு அது பொறுப்பேற்காது.

நிறுவனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஹார்லி உயரமானவர்களுக்கென்றே 'டால்பாய்' என்ற பெயரில் தனிச் சீட்டு விற்கிறது. உட்காருபவரைக் கொஞ்சம் பின்னேயும் மேலேயும் வைக்கும். 1953இல் தயாரிப்பு நின்று, பல கைகள் மாறி மீண்டு வந்த இந்தியன் நிறுவனம், 2014இல் அறிமுகப்படுத்திய ஸ்கவுட் வண்டிக்கு உயரமானவருக்கு ஒரு சீட்டு, உயரம் குறைந்தவருக்கு ஒரு சீட்டு என்று கொடுத்தது. கவாசாகி ஒரு படி மேலே போனது. அதன் வல்கன் எஸ் 2015 மாடலாக வந்தபோது ஃபுட்ரெஸ்டை மூன்று இடங்களில் பொருத்தும் வசதியோடு வந்தது. நடுவில் ஒன்று, ஒரு அங்குலம் முன்னே ஒன்று, ஒரு அங்குலம் பின்னே ஒன்று. சீட்டும் ஹேண்டில்பாரும்கூட ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அதன் சீட்டு உயரம் 705 மி.மீ. எண்ணைப் பார்த்தால் குள்ளமான வண்டி. ஆனாலும் 740 வண்டியைவிட நீளக் காலுக்கு அது இடம் கொடுக்கக்கூடும். எண் மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே, தம்பி, அட்வான்ஸ் கட்டும் முன் இவற்றைச் செய்.

1. சுவரில் முதுகு சாய்த்து வெறுங்காலில் நில். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே மேலே வரை தள்ளிப் பிடித்து, சுவரில் கோடு போடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை உன் உட்கால் அளவு. ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இந்த அளவு மாறும். உன் உடம்பின் உண்மையான எண் இதுதான்.

2. கடையில் வண்டியில் ஏறி இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வை. ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பத்து நிமிடம் அப்படியே இரு. முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருந்தால் இறங்கிவிடு.

3. உட்கார்ந்தபடியே ஹேண்டில்பாரை இடது, வலது என முழுவதும் ஒடித்துப் பார். முழங்காலிலோ தொடையிலோ முட்டினால் அந்த வண்டி உனக்கு இல்லை. இதில் சமரசமே கூடாது.

4. தினமும் போடும் ஷூவோடு போ. நீளமான பாதம் கியர் லீவருக்கு அடியில் நுழைகிறதா, பிரேக்கை அழுத்தக் காலைத் தூக்க வேண்டியிருக்கிறதா என்று பார்.

5. பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஓட்டிப் பார். உயரமானவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்வான். பின்னால் இருப்பவருக்கு இடம் மிஞ்சுகிறதா? வேகத்தடை ஒன்றையாவது ஏறி இறங்கு.

6. வேறு சீட்டோ, முன்னே தள்ளும் ஃபுட்ரெஸ்டோ நிறுவனமே தருகிறதா என்று கேள். தந்தால் வாங்கு. ஃபுட்ரெஸ்ட் நகர்ந்தால் கியரும் பிரேக்கும் சேர்ந்து நகர வேண்டும். வெல்டிங் வைக்கும் வேலைக்குப் போகாதே. பதிவுப் புத்தகத்தில் உள்ள அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை. சட்டத்தைவிடப் பெரிய காரணம் என் வீட்டில் இருக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு க்ரூஸர் பொருந்தினால் மகிழ்ச்சி. பொருந்தாவிட்டால் நிமிர்ந்து உட்காரும் உயரமான வண்டி ஒன்றை வாங்கு. க்ரூஸர் என்ற பெயர் இல்லாவிட்டால் என்ன? நாள் முழுக்க வலியில்லாமல் ஓட்டத்தானே அந்த வண்டி நூறு வருடத்துக்கு முன்னால் பிறந்தது!

கடைசியாக ஒன்று. இந்த மாணவன் ஒன்பதாம் வகுப்பிலேயே என் தோளுக்கு வளர்ந்தவன். கடைசி பெஞ்சில் ஓரத்தில் உட்கார்ந்து நடைபாதையில் காலை நீட்டி வைப்பான். "ஒழுங்கா மடக்கி உட்காருடா" என்று எத்தனை முறை அதட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை. அந்த பெஞ்சின் உயரத்தை நான் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. எனக்கு உட்கார நாற்காலி இருந்தது. நானும் அதே உயரம்தான், அதே முழங்கால்தான். போனில் இதைச் சொன்னேன். "அதெல்லாம் மறந்துட்டேன் சார்" என்றான். மறந்திருக்க மாட்டான். அடுத்த ஞாயிறு டேப்போடு கடைக்குப் போகிறான். நானும் பஸ் பிடித்துப் போய் உடன் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

நீளக்கால் பிள்ளைகள் உள்ள வீட்டார் யாராவது இந்த வண்டிகளில் உட்கார்ந்து பார்த்திருந்தால், அளவோடு கீழே எழுதுங்கள். இவனுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்